செல்ஃப் சுத்துது, வண்டி பிடிக்கலை: வீட்டில் கட்டிய காட்டு வண்டிக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்திலும் இட்டேரியிலும் ஓட்டுவதற்காகப் பைப் சட்டத்தில் கட்டும் வண்டிகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது மாருதி 800 அல்லது ஆம்னியிலிருந்து எடுத்த கார்பரேட்டர் எஞ்சின். 796 சிசி, மூன்று சிலிண்டர். காரில் இருந்தவரை சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொண்ட அதே எஞ்சின், சட்டத்தில் ஏறியதும் மக்கர் பண்ணும். எஞ்சின் மாறவில்லை. மாறியதெல்லாம் அதைச் சுற்றி நாம் புதிதாகச் செய்த இணைப்புகள்: பேட்டரி இடம், எர்த், சாவி ஒயரிங், டேங்க், ஹோஸ், சோக் கேபிள். ஆகவே கார்பரேட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. நம் கை பட்ட இடங்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், நல்ல நிலையில் ஒரு ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஒரு கண்ணாடி பாட்டில், டார்ச். கம்ப்ரஷன் கேஜ் தெரிந்த பட்டறையில் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றி வைத்துக்கொண்டு பிளக் பொறி பார்க்கவே கூடாது. இரண்டும் தனித்தனி வேலை. இடையில் ஹோஸை மாட்டி, சிந்தியதைத் துடைத்து, காற்றாட விட வேண்டும்.

முதல் கேள்வி ஒன்றுதான்: செல்ஃப் சரியான வேகத்தில் சுற்றுகிறதா? காரில் கேட்ட சத்தம் காதில் இருக்கும். அதோடு ஒப்பிடுங்கள்.

"கட் கட்டுங்குது" / "இழுத்து இழுத்துச் சுத்துது"

மீட்டரை பேட்டரியின் இரண்டு முனைகளில் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அப்போதும் பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை, அல்லது ஆயுள் முடிந்துவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பார்த்த பிறகே புதியது வாங்குங்கள்.

பேட்டரி தாக்குப்பிடிக்கிறது, செல்ஃப் மட்டும் திணறுகிறது என்றால் எர்த். கட்டிய வண்டிகளில் முதலில் நிற்கும் பிழை இதுதான். காரணம் எளிது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். ரப்பர் மின்சாரம் கடத்தாது. சட்டத்துக்கு பவுடர் கோட்டிங் அடித்திருப்பீர்கள், அதுவும் கடத்தாது. பேட்டரி நெகட்டிவ்வை சட்டத்தில் ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டால், செல்ஃபுக்குத் திரும்பும் கரண்ட் கியர் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். செல்ஃப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் தொட்டால் சுடுகிறதென்றால் வேறு சோதனையே வேண்டாம்.

அளந்து பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேல் வையுங்கள் (கிளாம்ப் மேல் அல்ல, ஈயத்தின் மேல்), மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை பாருங்கள், 0.5-க்கு மேல் போகக் கூடாது.

தீர்வு: பேட்டரி நெகட்டிவ்விலிருந்து கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு நேரடியாக 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் என்றால் 35. அங்கிருந்து தனியாக ஒரு ஒயர் சட்டத்துக்கு. போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்த் தோட்டத்தில் எந்தச் சாளையில் தேடினாலும் போர்வெல் மோட்டாருக்குப் போட்ட சப்மெர்சிபிள் கேபிள் மிச்சம் கிடக்கும். அதை பேட்டரிக்குப் போடாதீர்கள். அந்த 4 சதுர மி.மீ. கம்பியில் 3 மீட்டருக்கு 100 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்றால் இரட்டிப்பு. 25 சதுர மி.மீ.-இல் அதே தூரத்துக்கு 0.2 வோல்ட்தான் போகும். வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் வெல்டிங் கேபிள் துண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் சுரண்டிப் பார்த்து செம்பா அலுமினியமா என்று உறுதிசெய்துகொண்டு, ஆயில் படாதபடி மேலுறை போடுங்கள். லக்கை சுத்தியால் தட்டி நசுக்காமல், பம்ப் செட் எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் கிரிம்பிங் டூலில் அழுத்தச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு நின்றுவிட்டால், செல்ஃபின் சிறிய ஒயருக்கு சாவியிலிருந்து போதுமான கரண்ட் வராமல் இருக்கலாம். அதுதான் காரணம் என்றால் நடுவில் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டால் தீரும். அளவுகள் எல்லாம் சரி, இன்னும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் பார்க்க வேண்டும்.

"செல்ஃப் அடிக்கிற வரைக்கும் பிடிக்கலை, சாவியை விட்டதும் ஒரு வெடி வெடிச்சுப் பிடிக்குது"

இதைக் கேட்டவுடனே காயிலுக்கு (பேட்டரி கரண்ட்டைப் பிளக் பொறிக்கான உயர் வோல்ட்டேஜாக மாற்றுவது) வரும் ஒயரைப் பாருங்கள். சாவி சுவிட்சில் ஏசிசி என்று ஒரு முனை உண்டு, ரேடியோ போன்றவற்றுக்காக. செல்ஃப் அடிக்கும்போது அந்த முனையில் கரண்ட் நின்றுவிடும். காயிலுக்கு ஒயர் அதிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், எஞ்சின் சுற்றும் நேரத்தில் பொறி இல்லை. சாவி திரும்பி வரும் அந்தக் கணத்தில், எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போது பொறி வருகிறது. காயில் பாசிட்டிவ்வில் மீட்டர் வைத்து செல்ஃப் அடித்தால் பூஜ்யம் காட்டும். ஒயரை ஐஜி (இக்னிஷன்) முனைக்கு மாற்றுங்கள்.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு பிழை: பாலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள காயில். ஓடும்போது ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் நேரடி 12 வோல்ட் என்பது அதன் அமைப்பு. புது ஒயரிங் போடும்போது அந்த நேரடி ஒயரை விட்டுவிட்டால், பேட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில் காயிலுக்கு ஆறேழு வோல்ட்தான் போகும். பொறி மஞ்சளாக, சோர்ந்து வரும்.

"நல்லாச் சுத்துது, ஒரு தும்மல்கூட இல்லை"

ஸ்பேர் பிளக்கை ஒரு பிளக் ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினோடு ஒட்டிப் பிடித்து (காப்பிட்ட இடுக்கியால்) செல்ஃப் அடியுங்கள். நீலமாக, சடக் சடக்கென்று சத்தத்தோடு வந்தால் போதும். மஞ்சளோ சிவப்போ என்றால் பலவீனம்.

பிளக்கில் இல்லை, காயிலின் நடு ஒயரில் இருக்கிறது என்றால் குற்றம் டெல்கோவின் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) கேப்பிலோ ரோட்டரிலோ. கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு போட்டமாதிரி கறுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். அது கரண்ட் தப்பி ஓடிய பாதை, தேய்த்தாலும் திரும்ப வரும். கேப்பை மாற்றிவிடுங்கள். காயிலிலேயே இல்லை, பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை வெட்டி விடும் தொடுமுனை) வகை டெல்கோ என்றால், பாயிண்ட் கருகியிருக்கும் அல்லது இடைவெளி மூடியிருக்கும்: 0.4 முதல் 0.5 மி.மீ. வையுங்கள். கண்டென்சரையும் கூடவே மாற்றுங்கள். விலை குறைவு, சந்தேகம் தீரும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8.

பிளக் ஒயரின் வரிசை 1-3-2. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு ஒயர் இடம் மாறினால் கார்பரேட்டர் வழியாகத் தும்மும், சைலன்சரில் வெடிக்கும், பிடிக்காது.

"ராத்திரி நிறுத்தினா காலையில அரை மணி நேரம் அடிக்கணும். ஒருக்கா பிடிச்சுட்டா நாளெல்லாம் நல்லா ஓடுது"

பெட்ரோல் பின்வாங்குகிறது. காரில் டேங்க், பம்ப், கார்பரேட்டர் மூன்றின் உயரமும் தூரமும் கணக்காக இருந்தன. நாம் டேங்கை எங்கோ தாழ்வாக வைத்து, நாலு ஜாயிண்ட் போட்டு ஹோஸை இழுத்திருப்போம். எங்கோ ஒரு கிளிப்பில் காற்று நுழைகிறது. ஓடும்போது தெரியாது, நின்றதும் குழாயில் உள்ள பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடும்.

உறுதிசெய்ய: ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சினை அணைத்து வைத்தபடியே கார்பரேட்டருக்குள் டார்ச் அடித்து ஆக்சிலரேட்டரை ஒரு முறை திருகுங்கள். ஊசி மாதிரி பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் காலி. பிறகு பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸை பாட்டிலில் விட்டு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். துடிப்புத் துடிப்பாக, குமிழி இல்லாமல் வர வேண்டும். குமிழி வந்தால் பம்புக்கு முன்பக்க ஹோஸில் ஓட்டை. ஒன்றுமே வரவில்லை என்றால் பம்பின் டயஃப்ரம் போயிருக்கும், அல்லது டேங்கில் தாள் அடைப்பு.

ஹோஸ் எது போடுகிறோம் என்பது இங்கே பெரிய விஷயம். கொத்தனார் லெவல் டியூப்பும் சொட்டு நீர்க் குழாயும் கைக்கு எளிதாகக் கிடைப்பதால் தற்காலிகமாக மாட்டி, அதுவே நிரந்தரமாகிவிடும். பெட்ரோல் பட்டால் சில வாரத்தில் இறுகி, கிளிப் பக்கம் வெடித்துவிடும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய காலத்து ரப்பரை அது ஊதவைத்து மென்மையாக்கி, உள்ளே தூளாக உதிரச் செய்யும். எத்தனால் ஏற்கும் எரிபொருள் ஹோஸ் (எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும்) வாங்குங்கள். பம்ப் டயஃப்ரமும் நீடில் வால்வும் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) புதுக் கிட்டாகவே போடுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று வைத்தால் பின்வாங்குவது நிற்கும். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்கை காலியாக்கி வையுங்கள்: எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். பாட்டிலில் பிடித்த பெட்ரோலை பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் இரண்டு அடுக்கு தெரிந்துவிடும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வாக எலக்ட்ரிக் பம்ப் போடுகிறவர்கள் எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் பீச்சும்) காரின் பம்பை மாட்டிவிடுகிறார்கள். கார்பரேட்டருக்குத் தேவை 2 முதல் 4 பி.எஸ்.ஐ. மட்டும். எம்பிஎஃப்ஐ பம்ப் அதைப் போல் பத்து மடங்கு அழுத்தும். நீடில் வால்வைத் தள்ளித் திறந்து, கார்பரேட்டரே வழிந்து, எக்ஸாஸ்ட் மேல் ஊற்றும். தீப்பிடிக்க வைக்கும் பிழை இது.

ஐந்து நிமிடம் ஓடி மெல்ல அடங்கி, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்"ஸென்று காற்று உள்ளே போனால் டேங்குக்கு மூச்சு விட வழியில்லை.

"மார்கழிக் காலையில பிடிக்கவே மாட்டேங்குது"

சோக் கேபிளை நாம் மாட்டியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. மாட்டியிருந்தாலும் கேபிளின் நீளம் மாறியதால் தகடு முக்கால்வாசிதான் மூடும். ஏர் கிளீனரைக் கழற்றி, கண்ணால் பாருங்கள். குமிழை முழுக்க இழுத்தால் தகடு முழுக்க மூட வேண்டும், தள்ளினால் நேராக நிற்க வேண்டும்.

முறை: சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரை ஒரு முறை மிதித்து விட்டுவிட்டு, கிளட்சை அழுத்தி ஐந்து விநாடி செல்ஃப். பிடிக்கவில்லை என்றால் பதினைந்து விநாடி ஓய்வு. ஒரே அடியாகப் பத்து விநாடிக்கு மேல் அடித்தால் செல்ஃப் கருகும். பிடித்ததும் சோக்கைப் பாதி தள்ளி, ஒரு நிமிடத்தில் முழுக்கத் தள்ளிவிடுங்கள்.

மிதித்துக்கொண்டிருக்கும்வரை ஓடி, காலை எடுத்ததும் அணைந்தால், கார்பரேட்டரின் பக்கத்தில் உள்ள சாலினாய்டுக்கு 12 வோல்ட் போகிறதா பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் அது "டிக்" என்று சொல்ல வேண்டும். ஐடிலிங் பெட்ரோலைத் திறப்பது அதுதான். புது ஒயரிங்கில் மறந்துபோகும் ஒயர்.

"ஓட்டிட்டு நிறுத்தினா பத்து நிமிஷத்துக்குப் பிடிக்காது"

சித்திரை வெயிலில், முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வைத்த வண்டிகளில் இது சாதாரணம். முன்னால் ரேடியேட்டர் ஃபேன் காற்று எஞ்சினுக்கு வருவதில்லை. நிறுத்தியதும் சூடு மேலே ஏறும்.

இதில் இரண்டு நேர் எதிரான பிழைகள் இருக்கின்றன. பிளக்கைக் கழற்றினால் எது என்று தெரியும். பிளக் காய்ந்திருந்தால், குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. ஈரத்துணியை பம்ப் மேலும் குழாய் மேலும் போட்டு ஐந்து நிமிடத்தில் பிடித்தால் உறுதி. பிளக் நனைந்து பெட்ரோல் நாறினால், கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் கொதித்து மானிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. அப்போது சோக் இழுக்காமல், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்து (மிதித்து மிதித்து எடுக்காமல்) ஏழெட்டு விநாடி செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் போய் காய்ந்து பிடிக்கும்.

நிலையான தீர்வு இரண்டுக்கும் பொது. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். நடுவில் அலுமினியத் தகடு ஒன்று, எக்ஸாஸ்ட்டிலிருந்து 20 மி.மீ. இடைவெளி விட்டு. கார்பரேட்டருக்கு அடியில் இருந்த பேக்கலைட் ஸ்பேசரைத் திரும்ப மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயை அடைத்துவிடாதீர்கள். சூடான பெட்ரோலையும் ஆவியையும் வெளியேற்றுவது அதுதான்.

பெட்ரோல் சரி, சூட்டில் மட்டும் பொறி இல்லை என்றால் காயிலைத் தொட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பள்ளம் ஏறி இறங்கிய பின், தண்ணீர் தாண்டிய பின்

செங்குத்தான கரையில் சாய்ந்து நின்ற வண்டி பிடிக்கவில்லை என்றால் ஃப்ளோட் கிண்ணம் வழிந்திருக்கும். சமதளத்துக்குத் தள்ளிவந்து, மேலே சொன்ன தரையோடு அழுத்தும் முறைதான். அடிக்கடி நடந்தால் நீடில் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது எஞ்சினை சட்டத்தில் சாய்வாக வைத்துவிட்டீர்கள்.

வாய்க்காலில் இறங்கி வந்தபின் நின்றுபோனால் டெல்கோ கேப்பின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். ஆனால் ஏர் கிளீனர்வரை தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃபைத் தொடவே வேண்டாம். மூன்று பிளக்கையும் கழற்றி, பிறகு சுற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீய்ச்சும். பிளக்கோடு சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும்.

ஆடிக் காற்றில் செம்மண் புழுதியும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க் கழிவுத் தூளும் ஏர் கிளீனரை ஒரே வாரத்தில் மூடிவிடும். சோக் பாதி இழுத்த மாதிரி ஓடி, பிளக் கரி பிடித்து, ஸ்டார்ட்டிங் கெடும். லாரியில் ஏற்றி நீலகிரி எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனாலும் அதே நிலைதான்: 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சோக்கைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். (பதிவில்லாத வண்டியைச் சாலையில் உருட்டாதீர்கள், வனத்துக்குள்ளும் வேண்டாம்.)

பொறியும் பெட்ரோலும் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கலை

செல்ஃப் அடிக்கும்போது திருப்பி உதைத்தால் டைமிங் (பொறி வரும் நேரம்) அட்வான்ஸ் ஆகிவிட்டது, அதாவது முந்திவிட்டது. நீண்ட நேரம் சுற்றி, சோம்பலாகப் பிடித்து, சீக்கிரம் சூடேறினால் பின்தங்கியிருக்கிறது. டெல்கோவை அசைக்கும் முன் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று குறிகளைப் பொருத்திப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய எஞ்சினுக்கு பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. சட்டத்தில் ஏற்றும் முன்னே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து கம்ப்ரஷன். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. 150 முதல் 180 பி.எஸ்.ஐ. நல்லது; 120-க்குக் கீழே ஸ்டார்ட்டிங் சிரமம்தான். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட். கேஸில் ஓடிய ஆம்னி எஞ்சினை வாங்கியிருந்தால், ஹெட்டைக் கழற்றும் முன் வால்வு இடைவெளியைப் பாருங்கள்: கேஸில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்து, இடைவெளி மூடி, வால்வு முழுக்க உட்காராமல் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் கையேட்டின் அளவுக்குத் திருத்தினாலே பல நேரம் கம்ப்ரஷன் திரும்பும்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்பரேட்டர். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும், மீறினால் ஒயரில் உரித்த ஒற்றைச் செம்பு இழை. கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது, டேங்கையும் கழுவுங்கள். புதுக் கேஸ்கட் போட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் அடித்தட்டு வளைந்து காற்று இழுக்கும். மாட்டியதும் கிண்ணம் காலியாக இருக்கும் என்பதால், உள்ளே வரும் ஹோஸ் வழியாக ஒரு சிரிஞ்சில் 20, 30 மி.லி. பெட்ரோலை மெதுவாக ஏற்றி, ஹோஸை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.